உம்மணாமூஞ்சியின் கோழி

மாடி வீட்டுக்காரருக்கு உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்தது நான்தான். அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை. கோழி வருவதற்கு முன் பதினோரு வருடமாக ஒரே கட்டடத்தில் நான் கீழே, அவர் மேலே. என் வாசலைத் தாண்டித்தான் மாடிப்படி. காலை ஐந்தரைக்கு இறங்குவார், மாலை நான்கு மணிக்கு ஏறுவார். நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "வேலை முடிஞ்சுதாண்ணா?" என்பேன். "ம்" என்பார். மழை கொட்டினாலும் "ம்", வெயில் கொளுத்தினாலும் "ம்". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல ஏறிப் போய்விடுவார்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. பேன்ட் காலை மடிக்கக் கொண்டுவருகிறவர்கள், ஜிப் மாற்ற வருகிறவர்கள், அவர்கள் அளவு கொடுத்துவிட்டு நிற்கிற ஐந்து நிமிடம், இதில்தான் நான் நாளைக் கழிக்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. கடைசி ஆள் துணியை வாங்கிக்கொண்டு போன பிறகு, மேலே அவர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கும். சரி, இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய வேலை என்ன என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவும் அவர் சொல்லி அல்ல, அவரை ஏற்றிப் போகும் கம்பெனி வேனின் டிரைவர் சொல்லித்தான். குஞ்சு பொரிக்கிற கம்பெனி அது. பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சுகள் தட்டுத் தட்டாக வரும். இவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இறக்கையை விரலால் விரித்து, விளக்கடியில் பார்ப்பார். இறகு நீளமும் குட்டையுமாக இரண்டு வரிசை இருந்தால் பெட்டை, இடது பக்கம். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சேவல், வலது பக்கம். காலோ அலகோ கோணலாக இருந்தால் ஆணா பெண்ணா என்று பார்க்கிற வேலை கிடையாது, நடுவில் இருக்கும் சிவப்புக் கூடை. சிவப்புக் கூடைக்குள் போனது வெளியே வராது. ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் குஞ்சு அவர் கை வழியாகப் போகும். "அவர் கண்ணு தப்பவே தப்பாதுக்கா, கம்பெனியில சத்தியமே பண்ணுவாங்க" என்றார் டிரைவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மாலை படியேறாமல் என் வாசலில் நின்றார். கையில் டிபன் டப்பா. மூடி சரியாக மூடவில்லை.

"எலாஸ்டிக் இருக்கா?"

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எத்தனை மீட்டர் வேணும்?" என்றேன்.

"ரெண்டு இஞ்ச்."

"ரெண்டு இஞ்ச்ல என்னண்ணா தைக்கப் போறீங்க?"

பதில் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. கீச் என்று ஒரு சத்தம். மூடியைத் திறந்து காட்டினார். ஒரு துண்டுக்குள் மஞ்சளாக ஒரு குஞ்சு. இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. மேல் அலகு இடதுபக்கம், கீழ் அலகு வலதுபக்கம், துரு ஏறிய கத்தரிக்கோல் போல. சிவப்புக் கூடைச் சரக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"கூடை நிறைஞ்சிருச்சு."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தேன். வேறு பதில் வரவில்லை. "பெட்டைதான். இறக்கை பாத்துட்டேன்" என்று மட்டும் அன்று சொன்னார். பிறகு எலாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு போய், குஞ்சின் இரண்டு காலையும் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிணைத்தார். கால் விரியாமல் இருந்தால் ஒரு வாரத்தில் நேராகிவிடும் என்று கணக்கு. ஒரு வாரம் ஆகியும் நேராகவில்லை. வலது முட்டியில் நரம்பு இடம் மாறியிருந்தது. அது நிற்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

பத்தாவது நாள் காலை வேனுக்குப் போகும்போது என் மெஷின் மேல் ஒரு சாவியை வைத்தார். "மத்தியானம் ஒரு தடவை ஊட்டணும். வெளியில யார்கிட்டயும் சொல்ல வேணாம்." வீட்டு ஓனருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். காதும் காதும் வைத்த மாதிரி இருப்பேன் என்று பெரிதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. ஒரே ஒரு நாற்காலி. சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. வந்த நாளில் கட்டியிருந்த அட்டைப்பெட்டிகளில் இரண்டு இன்னும் கயிறு பிரிக்காமலே மூலையில் இருந்தன. பதினோரு வருடம் ஒரு மனிதர் வண்டிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்திருக்கிறார். ஜன்னலோரம் மட்டும் ஒரு விளக்கு, அதன் அடியில் ஒரு மெத்தென்ற பெட்டி, அதற்குள் அந்தப் பிறவி. என்னைப் பார்த்ததும் மாறுகண்ணால் முறைத்தது.

அலகு கோணலாக இருந்ததால் அதனால் கொத்திச் சாப்பிட முடியாது. மாவை நனைத்து ஆழமான கிண்ணத்தில் வைத்தால் மூஞ்சியை முழுக்கவே உள்ளே விட்டு அள்ளும். பாதி உடம்பில், கால்வாசி என் மேல், மிச்சம் வயிற்றில். எப்போதும் உட்கார்ந்தே இருந்தால் நெஞ்சில் புண் வந்துவிடும் என்று அவர் ஒரு மரச்சட்டம் அடித்தார். நான் கால்சட்டைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டு ஒரு தொட்டில் தைத்துக் கொடுத்தேன். ஓட்டை வழியாகக் காலைத் தொங்கவிட்டு, துணியில் நெஞ்சு அமர்ந்து, பழுப்பு இறகோடு அது தொங்கியபடி தெருவைப் பார்க்கும். வேளைக்குச் சாப்பாடு, இரண்டு நாளைக்கு ஒருமுறை வெந்நீர்க் குளியல், காலை நீவிவிட ஒரு ஆள். நான் அதற்கு மகாராணி என்று பேர் வைத்தேன். அவர் பேர் எதுவும் வைக்கவில்லை. "வாம்மா", "இந்தாம்மா" என்பதோடு சரி.

ஆனால் பேசினார். அதுதான் எனக்கு ஆச்சரியம். குளியலறைக் குழாய் இறங்கும் இடத்தில் என் கூரையில் கையளவு ஓட்டை இருக்கிறது. அது வழியாக மாலை நேரத்தில் அவர் குரல் இறங்கும். முதல்நாள் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மனிதர் கோழியிடம் பேசுகிறார், மணிக்கணக்காக. ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கதை முழுவதும் எனக்கு அப்படித்தான் தெரியும். சின்ன வயதில் திக்குவாய் என்று எல்லோரும் கேலி செய்ததில் பேச்சையே குறைத்துக்கொண்டாராம். திக்கு போய்விட்டது, பேச்சு திரும்ப வரவில்லை. குஞ்சு பார்க்கிற வேலையில் வாயே தேவையில்லை என்பதால் அதில் சேர்ந்தாராம். கல்யாணம் ஆகி ஏழாவது மாதம் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "சுவரோட குடித்தனம் பண்ண என்னால ஆகாதுன்னு சொல்லிட்டு போச்சு. அது சொன்னது சரிதான். போகாதேன்னு சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் போனேன். வார்த்தை வரலை" என்று கோழியிடம் சொன்னார். கோழி குர்ர் என்றது. கீழே நான் மூக்கைச் சிந்தினேன்.

எனக்கு அழுகை மட்டுமா வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. பதினோரு வருடமாகக் கீழே ஒருத்தி வாய் வலிக்க வலிக்க, வேலை முடிஞ்சுதா, மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு "ம்". நடக்கத் தெரியாத ஒரு கோழிக்கு இத்தனை பேச்சு. கோழியிடம் பொறாமைப்பட்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலே யாரோ ஓட்டை ஊதலை ஊதுவது போல ஒரு சத்தம். கொக்கென்று தொடங்கி, பாதியில் சிக்கி, கிரீச்சென்று முடிந்தது. இரண்டு நிமிடத்தில் அவர் என் வாசலில் நின்றார். பேயறைந்த முகம்.

"சேவலா இருக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மகாராணி மகாராஜாவா? உங்க கண்ணு தப்பவே தப்பாதுன்னாங்களே!"

"அன்னைக்கு வந்தது வேற இனம். அதுல இறக்கை பாத்துச் சொல்ல முடியாது. எனக்கே தெரியும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பெட்டையா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டு பாத்துட்டேன். பெட்டை கூவாதே" என்றார்.

அவர் முகத்தில் இருந்தது தொழில் தெரிந்த ஆளின் வெட்கம் என்றுதான் நினைத்தேன். பயம் என்று தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள அவரும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் அடங்கவில்லை. நல்ல வேடிக்கை ஒன்று கையில் கிடைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஓட்டை வாய்க்காரர்களுக்குத்தான் தெரியும். வீட்டு ஓனரிடம் மூச்சு விடவில்லை. ஆனால் வேன் டிரைவர் ஜிப் மாற்ற வந்தார். அவர் ஓனர் இல்லையே. "உங்க கம்பெனி நிபுணர் இருக்காரே, சொந்த வீட்டுலயே சேவலையும் பெட்டையையும் மாத்திட்டாரு" என்று ஆரம்பித்து, அந்தக் கோணல் கூவலைக் கூவியும் காட்டினேன். டிரைவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். அவருக்கும் வேடிக்கையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாடி வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பி வந்தார். காலை பத்து மணிக்கு நான் அவரைப் பார்த்ததே கிடையாது. மேலே போகாமல் நாலாவது படியில் உட்கார்ந்தார். நான் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அப்போதுதான் சொன்னார். குஞ்சு பொரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் கோழி, புறா, கிளி, எந்தப் பறவையும் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு நோய் உள்ளே போனால் லட்சக்கணக்கில் குஞ்சு செத்துப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் பறவை இல்லை என்று கையெழுத்து வாங்குவார்கள். அவர் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்காகத்தான் தினமும் விடியுமுன் எழுந்து இரண்டு குளியல், நகத்துக்குப் பிரஷ், கோழியைத் தொடத் தனி உடுப்பு. கீழே நான், சரியான சுத்தக்காரர் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள அது இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. இல்லன்னா நான் வேலைக்கு வரக் கூடாதாம்."

"அண்ணா, நான்தான் உளறிட்டேன்" என்றேன்.

"தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அந்த விரலுக்கு இறகு பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அந்த விரலுக்கு ஒரு கோழியை நொடியில் முடிக்கவும் தெரியும். அதை நினைத்துத்தான் அவர் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"எங்கிட்ட குடுங்க. நான் வச்சுக்கறேன். என் வீடு வேற, உங்க வீடு வேற. வாசல் வேற, அடுப்பு வேற. அதைப் போய்ச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொல்லத் தெரியலன்னா நான் வரேன்!" என்று கத்தினேன்.

நானே போனேன். கம்பெனி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்; மேலாளரை அங்கே வரவழைத்துப் பேசினேன். உளறிக் கெடுத்த வாய் அன்று கொஞ்சம் பிராயச்சித்தம் செய்தது. அவரைப் போலக் கண் உள்ள ஆள் கிடைக்க மாட்டார் என்பது மேலாளருக்கும் தெரியும். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. அவர் அந்தக் கோழியைத் தொடக் கூடாது, அது இருக்கும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

அன்று மாலை சட்டமும் தொட்டிலுமாக மகாராஜா கீழே குடிவந்தார். தூக்கி வந்தது நான். அவர் மேல்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து தினமும் நாலரை மணிக்கு இறங்கி வந்து நாலாவது படியில் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் என் வாசல் வழியாகத் தொட்டில் தெரியும். படியில் அவர் கால் பட்டதுமே இது கழுத்தைத் திருப்பிக் குர்ர் என்னும். "இன்னைக்கு ஒன்பதாயிரத்து முந்நூறும்மா" என்று ஆரம்பிப்பார். சேவல் என்று தெரிந்த பிறகும் அம்மாதான். சிவப்புக் கூடைக்கு எத்தனை போனது என்பதை மட்டும் சொல்லமாட்டார். நான் காலை நீவினால், "இன்னும் கொஞ்சம் மேல, முட்டிக்குப் பின்னால" என்பார். அவர் விரல் தன் முழங்காலில் அதே இடத்தை நீவிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்கு எழுந்து போவார். போகும்போது என்னிடம் ஒரு "ம்". பேச்செல்லாம் அதற்கு, ம் மட்டும் எனக்கு. ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் யாருடைய துணியையும் வாங்குவதில்லை.

ஒன்பது மாதம் அப்படிப் போனது. குளிர் தொடங்கியபோது அதற்கு மூச்சில் விசில் சத்தம் வந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, இவ்வளவு கோணலோடு இத்தனை நாள் இருந்ததே பெரிது என்றார். மருந்து கொடுத்தார். படியில் உட்கார்ந்திருந்தவரிடம், "லேசா சளி" என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் காலர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது விசில் நின்றது. தலை தூக்கிப் பார்த்தேன். தொட்டிலில் கழுத்து சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் குழி தோண்டி, நல்ல துணியில் சுற்றிப் புதைத்தேன். மணி மூன்றரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் வந்து உட்காருவார்.

என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் உளறுகிற வாய்க்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. பழுப்புத் துணி ஒன்றைச் சுருட்டித் தொட்டிலில் வைத்து, மூடினாற்போல ஒரு துண்டைப் போர்த்தி, சட்டத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். தையல்காரி இல்லையா, உருவம் சரியாகத்தான் வந்தது.

அவர் வந்தார். படியில் கால் பட்டது. சத்தம் எதுவும் வரவில்லை.

"தூங்குது" என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "இன்னைக்கு எட்டாயிரத்துச் சொச்சம்மா" என்று பேச ஆரம்பித்தார். ஆறு மணி வரை பேசினார். மறுநாளும் தூங்குது என்றேன். மறுநாளும் பேசினார். மூன்றாம் நாள், வேலையிடத்தில் விளக்கு மாற்றியதை, தன் கண் இப்போதெல்லாம் மாலையில் மங்குவதை, விட்டுப்போன மனைவியை நேற்றுப் பேருந்தில் பார்த்ததை, அவர் இவரை அடையாளம் தெரியாமல் நகர்ந்து இடம் கொடுத்ததை, எல்லாம் சொன்னார். ஒரு சுருட்டின துணியிடம் சொன்னார். நான் மெஷினில் நூல் இல்லாமல் வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். "அண்ணா, அது செத்துப்போச்சு. செவ்வாய்க்கிழமையே" என்றேன்.

"தெரியும். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு நாளா உக்காந்து பேசுனீங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். திக்கிற்று, சின்ன வயதில் போனதாகச் சொன்ன அந்தத் திக்கு. "பே... பேச்சை நிறுத்தினா நீங்க கதவைச் சாத்திடுவீங்கன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். "பன்னெண்டு வருஷமா இந்தக் கதவு தொறந்துதானே கிடந்துச்சு! ஒரு நாளாவது திரும்பிப் பாத்தீங்களா? இதைச் சொல்ல ஒரு கோழி சாகணுமாண்ணா?"

அவர் கதவைப் பார்த்தார், அன்றுதான் அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தவர் போல. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன். ஆறு மணி ஆனது, ஏழு மணியும் ஆனது. அவர் நாலாவது படியில், நான் வாசலில்.